வரலாறா, புவியியலா, வேறு ஏதாவதா? தோட்டத்திலிருந்து பேராதனைக்குப் போன ஒருத்தியின் கணக்கு

முதலாண்டுப் பெறுபேறு வந்த பிறகு பேராதனைக் கலைப்பீடத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி வந்து நிற்கும். மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு முடித்துக்கொள்வதா, இல்லை ஒரு பாடத்தைச் சிறப்புக் கற்கையாக எடுத்து நான்கு வருடம் படிப்பதா? சிறப்புக் கற்கை என்றால் எந்தப் பாடம்? விருப்பத்தை எழுதிக் கொடுக்க வேண்டிய படிவத்தை நான் இரண்டு வாரம் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நான்கு முறை பென்சிலால் எழுதி அழித்தேன்.

கடைசியில் வரலாறு என்று எழுதினேன். எப்படி அந்த முடிவுக்கு வந்தேன், எதையெல்லாம் எதோடு வைத்துப் பார்த்தேன் என்று இங்கே சொல்கிறேன். ஏ.எல். (உயர்தரம்) முடித்துக் கலைப்பீடத்துக்கு வரப்போகிற தோட்டத்துத் தம்பி தங்கைகளுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். எனக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் "வேலை கிடைக்கிறதைப் படி" என்றார்கள். எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

வீட்டு நிலையைச் சொல்லாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. அம்மா மலைக்குப் போகிறார், தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். தங்கை ஓ.எல். (சாதாரண தரம்) எழுதப் போகிறாள். நான் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடச் சம்பளம் பிந்துகிறது. இதை மறைத்துவிட்டு "பிடித்ததைப் படியுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

முதலில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருக்கும் வழி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு உண்மையான போட்டி அங்கேதான். கொட்டகலை பத்தனையில் இருக்கிற ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி, தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று ஜெர்மன் உதவியோடு தொடங்கப்பட்டது. மூன்று வருடம் படிப்பு, அதில் கடைசி வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி. முடித்தால் ஆசிரியர் நியமனம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளி அந்த வழியில் போகிறாள். எனக்கு முன்பே அவள் சம்பளம் எடுப்பாள். வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு நிலையான வருமானம் வேண்டும், பிள்ளைகளோடு இருக்கவும் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். அது இரண்டாந்தரமான தெரிவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கும் வரைக்கும் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கட்டடம், ஒரு வாத்தியார். அந்த நிலையிலிருந்து நாங்கள் பல்கலைக்கழகம் வரை வந்ததற்குப் பின்னால் இப்படிப் பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஏ.எல். பெறுபேற்றை வைத்து அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி எனக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போதுமாக வந்தது, "வந்ததை விட்டுடாத மகள்" என்று அப்பாவும் சொன்னார். அதனால்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

சட்டத்துக்குப் புள்ளி போதவில்லை. சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையைப் பட்டத்துக்குப் பிறகும் எழுதிப் பார்க்கலாம் என்பதால் அதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

பொருளியலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை, புள்ளிவிபரப் பகுதி முதலாண்டிலேயே என்னைத் திணறடித்துவிட்டது. ஆனால் வேலை என்று மட்டும் பார்த்தால் கலைப்பீடத்தில் முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன். வங்கி, காப்புறுதி, திணைக்கள வேலைகளின் விளம்பரங்களில் பொருளியல் பட்டம் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். எங்கள் மக்களுக்கும் அந்தப் படிப்புத் தேவை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று ஆனபோது எங்கள் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) சந்தோஷப்பட்டவர்களை விட, ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ எடுக்க வேண்டிவரும், குறைந்தால் அரைப் பேர் என்று பாதிச் சம்பளம் போடுவார்களா என்று விரல் விட்டு எண்ணியவர்கள்தான் அதிகம். அந்தக் கணக்கைத் தோட்டத்தை நடத்துகிற துரைமாருக்கு முன்னால் உட்கார்ந்து தாளில் போட்டுக் காட்டக்கூடிய ஆட்கள் எங்களுக்குள் இன்னும் பலர் வர வேண்டும். கணக்கு வருகிறவர்கள் தைரியமாகப் பொருளியலுக்குப் போங்கள்.

தமிழை விடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏ.எல்.இல் எனக்கு நல்ல பெறுபேறு வந்த பாடம் அதுதான். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் சுவாமி விபுலானந்தர் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற காலத்திலிருந்து வருகிற ஒரு பெரிய மரபு தமிழ்த்துறைக்கு உண்டு. பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்த பிறகு திறனாய்வாளர் கைலாசபதி போன்றவர்கள் படித்த இடம் இது. தமிழ் படித்தவருக்கு ஆசிரியர் வேலைக்கான வாய்ப்பும் குறைவில்லை.

என்னைத் தமிழிலிருந்து வரலாற்றுப் பக்கம் திருப்பியது ஓர் ஒப்படை. தோட்டத்து வாய்மொழிப் பாட்டுகளைச் சேகரித்து எழுத வேண்டும் என்றார்கள். லீவில் வீட்டுக்குப் போய் அப்பாயியை (அப்பாவின் அம்மாவை) இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், உட்காரவைத்துக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஏழெட்டுப் பாட்டுச் சொன்னார். அதில் ஒன்றில் கோப்பிப் பழம் வந்தது, கோப்பி மலை வந்தது, கோப்பிக் காட்டில் ஆளைப் பறிகொடுத்த கதை வந்தது. எழுதிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. அப்பாயி 1941இல் பிறந்தவர். தவறணையில் (நாற்றுமேடையில்) கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியதிலிருந்து ஓய்வு எடுத்த நாள் வரை தேயிலையைத் தவிர வேறு பயிரைத் தொட்டதில்லை. கோப்பியில் இலை நோய் கண்டது 1869இல். அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அநேகமாக அழிந்து அந்த நிலமெல்லாம் தேயிலையானது. அப்பாயியின் அம்மாகூடக் கோப்பி பறித்திருக்க மாட்டார். ஆனால் வாயில் பாட்டு இருக்கிறது.

ஒப்படையில் எதுகை, மோனை, உவமை பற்றி எழுதிப் புள்ளி வாங்கினேன். ஆனால் எனக்குள் ஓடிய கேள்வி வேறு. இந்தப் பாட்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது? அந்த மலை எது? செத்தவர் காய்ச்சலில் செத்தாரா, நடந்து வருகிற வழியில் செத்தாரா? தமிழ் ஸ்பெஷல் படிக்கும் ஓர் அக்காவிடம் சொன்னேன். "நீ கேக்கிறது எல்லாம் வரலாற்றுக்காரங்க கேக்கிற கேள்வி, தங்கச்சி" என்றார். தமிழ்த்துறையில் இருந்துகொண்டும் இதைத் தேடலாம்தான், தேடியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எந்தக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறதோ அந்தப் பாடத்துக்குப் போவதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அப்புறம் புவியியல். உண்மையாகவே கடைசி நாள் வரை வரலாற்றோடு போட்டி போட்டது இதுதான்.

புவியியலில் எனக்குப் பிடித்தது அதன் உடனடிப் பயன். ஜி.ஐ.எஸ். என்று சொல்லும் கணினி வரைபட வேலை தெரிந்திருந்தால் நில அளவை, நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம் என்று பல கதவுகளைத் தட்டலாம். மலையகத்துக்கு இதைவிட அவசரமான படிப்பு இல்லை என்றுகூடச் சொல்லலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நான் சின்னப் பிள்ளை. அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் யாரும் உலை வைக்கவில்லை என்று ஞாபகம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலைநாடு முழுக்கச் சரிந்தது. அந்த இரவு அம்மாவோடு போன் பேச முடியாமல் விடுதியில் விழித்திருந்தேன். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் கவனமாக இருக்கச் சொல்கிறார்கள், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறார்கள். இந்த அளவுகளை எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிப் புரியவைக்க ஓர் ஆள் இருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும் என்று அந்த இரவு யோசித்தேன். புவியியல் என்று முதல் தடவை பென்சிலால் எழுதியது அதற்கு அடுத்த வாரம்.

பிறகு ஏன் அழித்தேன்? புயலுக்குப் பிறகு வீட்டுக்குப் போனபோது எங்கள் பணிய (கீழ்) லயத்துக்குப் பின்னால் மண்திட்டில் ஒரு வெடிப்புக் காட்டினார்கள். கைவிரல் நுழையும் அகலம். புவியியல் படிக்கும் என் அறைத்தோழி போட்டோவைப் பார்த்துவிட்டு, சரிவு எவ்வளவு, தண்ணீர் எங்கே இறங்குகிறது, மேலே மரம் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். நல்ல கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் அனுப்பினேன். எனக்கோ இந்தச் சரிவில் லயத்தைக் கட்டியது யார் என்பதிலேயே மனம் நின்றது. நல்ல சமதரையில் துரையின் பங்களாவும் ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலையும்) இருக்க, வேலைக்காரருக்கு இந்த விளிம்பு எப்போது ஒதுக்கப்பட்டது? நூறு வருடத்துக்கு மேலாக ஏன் யாரும் இடம் மாறவில்லை, மாற முடியவில்லை? மீரியபெத்தைக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு நிலம் இல்லை, இருந்த காம்பராவும் (லயத்து அறையும்) அவர்கள் பெயரில் இல்லை. மலை ஏன் சரிகிறது என்பதைப் புவியியல் சொல்லும். சரியப்போகிற இடம் என்று தெரிந்தும் மனிதர் ஏன் அங்கே படுத்துத் தூங்குகிறார் என்பதற்கு நிலச் சட்டங்களையும் குடியுரிமைச் சட்டங்களையும் தோட்டக் கணக்குகளையும் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டும் தேவை. என் அறைத்தோழி புவியியலுக்குப் போகிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி வரலாறு. இதை ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாகப் படித்தோம். அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி இராச்சியம், 1815 ஒப்பந்தம், எல்லாம் மனப்பாடம். எங்கள் பாட்டன் பூட்டன் வந்த கதை நான் படித்த புத்தகத்தில் கோப்பி, தேயிலை என்ற தலைப்புக்குக் கீழே சில வரிகளில் முடிந்துவிட்டது. ஆகவே பள்ளிக்கூடத்தில் வரலாறு எனக்குப் பிடித்த பாடம் என்று பொய் சொல்ல மாட்டேன். பரீட்சைக்குப் படித்தேன், 'ஏ' எடுத்தேன், மறந்தேன்.

முதலாண்டில் ஒரு விரிவுரை அதை மாற்றியது. விரிவுரையாளர் ஒரு பழைய அரசாங்கக் கடிதத்தின் பிரதியை எல்லோருக்கும் கொடுத்தார். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை, நான்கு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். இதை எழுதியது யார்? யாருக்காக எழுதினார்? எந்த மொழியில் எழுதினார்? இதில் பேசப்படுகிறவர்களில் யாருடைய குரல் இல்லை? அந்த நான்காவது கேள்வியைக் கேட்டதும் எனக்கு அப்பாயியின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சைப் பெயின்ட் உரிந்த பெட்டி, கட்டிலுக்கு அடியில் ஒரு செங்கல் மேல் இருக்கும். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் அப்பாயி ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கிறார். தாத்தாவின் பெயர் ராமையா. ஒரு தாளில் ராமையா என்று இருக்கிறது. இன்னொன்றில் ராமய்யா. மூன்றாவதில் ராமாயி. தாத்தா இறந்த பிறகு அவருடைய சேவைக்காலக் காசை எடுக்கப் போனபோது, ராமாயி என்பது பெண் பெயர், இது வேறு ஆள் என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். சத்தியக் கடதாசி, சமாதான நீதவான் கையெழுத்து, கிராம சேவகர் கடிதம், திரும்பவும் சத்தியக் கடதாசி. அப்பாயியும் அப்பாவும் இரண்டு வருடம் நடந்தார்கள். நாற்பது வருடம் அந்த மலையில் வேலை செய்த ஆள் அவர்தான் என்று நிரூபிக்க இரண்டு வருடம் எடுத்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பஸ்ஸில் அப்பாயியின் மடியில் அந்தப் பொலித்தீன் பை இருந்ததும், நான் தொட்டால் "கசக்கிப்புடாத தாயி" என்று கையைத் தட்டிவிட்டதும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விரிவுரைக்குப் பிறகு வந்த லீவில் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்து அதே நான்கு கேள்வியைக் கேட்டேன். எழுதியவர் தமிழ் தெரியாத ஓர் எழுத்தராக இருக்கலாம். தாத்தா வாயால் சொன்னதை அவர் தன் காதுக்கு எட்டிய மாதிரி எழுதினார். எழுதியதை வாசித்துத் திருத்தத் தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. சரி, ஓர் எழுத்துப் பிழை ஏன் ஒரு குடும்பத்தை இப்படி அலைக்கழிக்க வேண்டும்? அதற்குப் பதில் தேடப்போனால் 1948க்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருடத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில் மூன்று தலைமுறைத் தாளுக்கு எங்கே போவது? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தல் வருவதற்குள் பெரும்பாலும் வாக்கில்லாதவர்களாகிவிட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள்.

அந்த 525,000இல் தாத்தாவின் அண்ணன் குடும்பம் இருந்தது. 1972இல் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறினார்கள். பெட்டியின் அடியில் கூடலூரிலிருந்து அவர் எழுதிய நீல நிற விமானத் தபால் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் போட்டிருந்தது, அங்கே சேர்ந்திருந்தார். இங்கேயும் தேயிலைதான், குளிரும் அதே குளிர்தான், ஆனால் எங்களைச் சிலோன்காரன் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். மடிப்பில் கிழிந்து, இரண்டு வரி வாசிக்க முடியாமல் போய்விட்டது.

வரலாறு படிப்பது என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அரசர்களின் வருடங்களைச் சேர்த்து வைப்பதென்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு சட்டத்தின் வாசகம் எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிற வேலை அது.

தேடத் தொடங்கியதும் நான் தெரிந்ததாக நினைத்திருந்தவை எல்லாம் புதிதாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பளைப் பக்கம் கோப்பி போட்டது 1820களில். கோப்பி, பருவத்துக்குப் பழுக்கிற பயிர். பழம் எடுக்கும் காலத்துக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்தார்கள், முடிந்ததும் மிஞ்சியவர்கள் திரும்பிப் போனார்கள். தேயிலை அப்படியில்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட அந்தச் செடிக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், விரல் வேகமுள்ள பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பத்தோடு கூட்டி வந்து நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். ஒரு செடி மாறியதால் வந்துபோகிற கூலி குடியிருக்கிற குடும்பமானது, அம்மாவும் அப்பாயியும் மலைக்குப் போகிற ஆட்களானார்கள். இதைப் படித்த அன்று நூலகத்தில் இருந்து விடுதிக்கு நடந்து வரும்போது ஹந்தானை மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அங்கேயும் தேயிலைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத் துரைமாரின் சங்கம் 1854இலேயே கண்டியில் உருவாகிவிட்டது. அவர்களுடைய அறிக்கைகள், தோட்டங்களின் விபரக் கொத்துகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், துரை யார் என்று தேடி எடுக்கலாம். எங்கள் ஆட்களின் பெயர்களை அவற்றில் தேடிப் பயனில்லை. எங்கள் பக்கத்துக் கதையைத் துணிந்து எழுதியவர்களில் நடேசய்யர் பத்திரிகைக்காரர், தொழிற்சங்கக்காரர். சி.வி. வேலுப்பிள்ளையும் தொழிற்சங்கத்தில் நின்றவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். தோட்டம் தோட்டமாகப் பாட்டுச் சேகரித்தவர் அவர். சாரல்நாடன் தொழிலுக்கு நடுவில் தேடித்தேடி எழுதினார். வேலை முடிந்த நேரத்தில் அவர்கள் செய்ததை, அதற்கென்றே நான்கு வருடம் ஒதுக்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டு செய்ய எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் முன்னோர் வந்த வழியை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து நடந்து வந்தவர்கள் மாத்தளையை அடைந்த நாளில், ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நானும் அங்கே நின்றேன். எங்கள் ஆட்கள் வந்து இருநூறு வருடம் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்குப் பெயர் தெரிந்தது நான்கு தலைமுறைக்குத்தான் என்று அன்று எண்ணிப் பார்த்தேன்.

இப்போது பாதகங்களைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

முதலாவது மொழி. பழைய ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இருக்கின்றன. வாசிக்க வேண்டிய நூல்களும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் கட்டுரைக்குப் பத்துப் பக்கம் வாசிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது, ஒவ்வொரு வரிக்கும் அகராதி. சிங்களமும் தெரிந்தால் இன்னொரு பெரிய கதவு திறக்கும். விரிவுரைகள் எந்த மொழியில் நடக்கும், எந்தப் பாட அலகுக்குத் தமிழில் ஆசிரியர் உண்டு என்பதைத் தெரிவு செய்வதற்கு முன் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். சீனியர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். மொழியைக் காரணமாக வைத்துத் தமிழ் மூலம் வசதியாகப் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் விருப்பப் பட்டியலில் யோசிக்கலாம், அங்கே 1974இல் வளாகம் தொடங்கிய காலத்திலிருந்து வரலாற்றுத்துறைக்கு நல்ல பெயர் இருக்கிறது.

இரண்டாவது செலவும் அலைச்சலும். ஆய்வேடு எழுதும் காலத்தில் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போய்வர வேண்டும். ஒருநாள் போய் எடுத்துக்கொண்டு வருகிற வேலை இல்லை.

மூன்றாவது வேலை. வரலாற்றுப் பட்டதாரிக்கென்று ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருக்கவில்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனம் வரும், எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாம், கடும் போட்டி. சுவடிகள், அருங்காட்சியகம், பத்திரிகை, ஆய்வு நிறுவனங்கள் என்று சில இடங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் யோசிக்காத ஒன்று சுற்றுலா வழிகாட்டி வேலை. 1988இலிருந்து உலக மரபுரிமை நகரமாக இருக்கிற கண்டிக்கும், அங்கிருந்து நுவரெலியாவுக்கும் வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்டோரில் தேயிலை வாடுவதையும் அரைபடுவதையும் காட்டுகிறார்கள். கொழுந்து எடுத்தவரின் கதையைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, பழைய லயக் காம்பராவையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனாலும் வேலைப் பக்கத்தை மட்டும் தராசில் வைத்தால் பொருளியலும் புவியியலும் வரலாற்றைவிடக் கனமானவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் ஒளிக்காமல் அப்பாவிடம் சொன்னேன். மாதக் கடைசியில் வந்திருந்தார், சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருசமா மகள்?"

"ஆமாப்பா."

"முடிச்சா டீச்சிங் கிடைக்குமா?"

"கிடைக்கலாம்ப்பா. காத்திருக்கணும். வேற பரீட்சையும் எழுதுவேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ராமாயி பேருக்கு நானுந்தானே அலைஞ்சேன்" என்றார். "சரி. தங்கச்சி படிப்பு கெடாமப் பாத்துக்க." அதற்கு நான் கொடுத்த வாக்கு, இரண்டாம் வருடத்திலிருந்து சனி ஞாயிறுகளில் கண்டியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து என் சாப்பாட்டுச் செலவை நானே பார்த்துக்கொள்வது. இதுவும் என் கணக்கின் ஒரு பகுதி. நான்காவது வருடத்துக்கு இப்படி ஒரு வழி உங்கள் வீட்டில் இல்லையென்றால், பொதுப் பட்டத்தில் வரலாற்றை ஒரு பாடமாக வைத்துக்கொண்டு மூன்று வருடத்தில் வெளியே வருவது நல்ல முடிவு. அப்படி முடித்துவிட்டு வேலை செய்துகொண்டே பிறகு மேலே படிக்கலாம்.

என்ன எழுதுவது என்று இன்னும் தடுமாறுகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இதுதான். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் வீட்டுத் தாள்களில் மிகப் பழையதை எடுத்து அந்த நான்கு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வயதானவரிடம் போய் மேலும் கேட்க வேண்டும் என்று கால் பரபரத்தால் வரலாறு உங்களுக்கு ஒத்துவரும். தாளை மடித்து வைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் கான் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) அடைத்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றினால் புவியியலுக்குப் போங்கள்.

படிவத்தில் முதல் விருப்பம் வரலாறு, இரண்டாவது புவியியல் என்று பேனையால் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாயிக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு வரலாறு என்றால் என்னவென்று விளக்கத் தெரியாமல், "ஒங்க பெட்டியில இருக்கிறத எல்லாம் படிக்கப் போறேன் அப்பாயி" என்றேன். "அப்ப வெயில் வந்ததும் சீக்கிரம் வா தாயி" என்றார். "பெட்டிய வெளிய வச்சுக் காயப் போடணும். மழைக்கு எல்லாம் பூச்சி அரிக்குது."